பேராச்சியைக் கூப்பிட்டவர்கள்

வெட்டுவான்குளத்தில் அரிசி மில் ராமையா செத்துப்போன அன்றைக்கு, முற்றத்தில் பெண்கள் எல்லாம் வட்டமாக உட்கார்ந்து மாரடித்து அழுதுகொண்டிருந்த மத்தியான வேளையில், அந்தமானில் வாக்கப்பட்ட மூத்த மகளுக்குக் கப்பல் கிடைக்கவில்லை, அவள் வரமாட்டாள் என்று தெரிந்த பிறகு, ராமையா பொண்டாட்டி கோமு, கூட்டத்தில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த பேராச்சியைப் பார்த்து, "ஏ பெரியவளே, வந்துட்டியாட்டி, ஒங்கப்பனைப் பாருட்டி" என்று இரண்டு கையையும் விரித்துக் கூப்பிட, பேராச்சி அந்த மூத்த மகளாகவே எழுந்து போனாள்.

அப்படித்தான் நடந்தது. அரை அடி உயரம் கூடியது, மேலுதட்டில் மச்சம் வந்தது, இடது காலை லேசாக இழுத்து நடந்தாள், ராமையாவின் கால்மாட்டில் விழுந்து, "புளியமரத்துல ஊஞ்சல் கட்டித் தந்தியளே, எனக்கு மட்டும் பெரிய பலகை போட்டியளே" என்று, பேராச்சிக்குத் தெரிந்திருக்கவே முடியாத ஒரு ஊஞ்சலைச் சொல்லி அழுதாள். பக்கத்தில் இருந்த பெண்கள் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்கள். ஒருத்தி கடுங்காப்பி கொண்டுவந்து, "கப்பல்ல வந்தது தலை சுத்தும், குடி தாயி" என்றாள். ராமையாவின் இளைய மகன் மூக்கைச் சிந்திவிட்டு, "அக்காளும் வந்துட்டா, இனிமே தூக்கிரலாம்" என்றான். தூக்கினார்கள்.

எல்லாம் முடிந்து தெருமுனைக்கு வந்தவளைப் பக்கத்து வீட்டு ஞானப்பூ பார்த்துவிட்டு, "ஏ பேராச்சி! பீடித்தட்டை வாசல்லயே போட்டுட்டு வந்துட்டியே, கோழி வந்து தூளைக் கிண்டுது பாரு" என்று சத்தம் போட்டாள். அந்தச் சத்தத்தில் உயரம் இறங்கி, மச்சம் போய், இடது புருவத்தில் வெட்டும் மேல்வரிசையில் தெத்துப்பல்லும் வலது கட்டைவிரலில் பீடிக் கத்தரி காய்ப்பேற்றிய தடிப்பும் திரும்பி வர, பேராச்சி "ஐயய்யோ" என்று வீட்டுக்கு ஓடினாள். ஓடுகிற ஓட்டத்தில் தனக்கு என்ன நடந்தது என்று யோசிக்கக்கூட அவளுக்கு நேரமில்லை. இலை நனைத்து வைத்திருந்தாள், சாயங்காலத்துக்குள் சுற்றிக் கடையில் போட்டாக வேண்டும், நாலு வயசு மகள் ரதி தூளியை விட்டு இறங்கி எங்கே போனாளோ தெரியவில்லை.

இது என்ன, எப்படி, ஏன் என்று ஊரில் ஒருத்தரும் கேட்கவில்லை. நம்ம ஊர் கேட்கிற கேள்வியே வேறு. "வார வெள்ளிக்கிழமை ஒனக்கு ஜோலி இருக்காட்டி?" என்றுதான் கேட்டார்கள்.

ஏன் கேட்கமாட்டார்கள்? நம்ம வீட்டு விசேஷத்துக்கு ஆள் வந்தால் மட்டும் போதுமா, முறைக்காரர் வரவேண்டும் அல்லவா? தாலியில் மூன்றாவது முடிச்சுப் போட நாத்தனார் வேண்டும், வளைகாப்புக்கு அண்ணி வேண்டும், சடங்கான பிள்ளைக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்ற அத்தை வேண்டும், காது குத்துக்கு மடியில் வைத்துக்கொள்ளத் தாய்மாமன் வேண்டும், கொள்ளி வைத்துவிட்டு வருகிறவனுக்கு ஒரு வாய் சோறு போட அக்காளோ தங்கச்சியோ வேண்டும். முன்னெல்லாம் வீட்டுக்கு எட்டு உருப்படி இருந்தது, ஒன்று இல்லாவிட்டால் ஒன்று வந்து நிற்கும். இப்போது ஒன்று திருப்பூரில், ஒன்று துபாயில், ஒன்று பேச்சுவார்த்தை இல்லாமல் அடுத்த தெருவில், ஒன்று மண்ணுக்குள்ளே. மணவறையில் அந்த இடம் மட்டும் காலியாகக் கிடந்து எல்லோருடைய கண்ணையும் குத்தும். அந்த இடத்தில் பேராச்சி போய் நின்றாள். வெறுமனே நிற்கவில்லை, அந்த ஆளாகவே நின்றாள்.

அதற்குள்ள நியமத்தையும் ஊர்தான் கண்டுபிடித்தது. சும்மா வாயால் கூப்பிட்டால் ஆகாது. கீரைக்காரி "அக்கா, தண்டங்கீரை" என்றால் பேராச்சி பேராச்சியாகத்தான் இருந்தாள். மனசு நிறைந்து, தொண்டை அடைத்து, இல்லாத ஆளை நினைத்துக் கூப்பிடவேண்டும். அப்போது கூப்பிடுகிறவர் மனசில் எந்த முகம் இருக்கிறதோ அந்த முகம் வரும். சேலை மட்டும் அவளுடைய சேலையாகவே இருக்கும். காரியம் முடிந்ததும் பேராச்சியை நன்றாகத் தெரிந்த ஒருவர் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிவிடுவாள். அவளைப் பெற்றவள் போய்ச் சேர்ந்து வெகுநாள் ஆயிற்று. கூடப்பிறந்த பிறப்பு கிடையாது. ஆகவே அந்த வேலை பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிற ஞானப்பூவின் தலையில் விழுந்தது. ஞானப்பூ பிள்ளைகுட்டி இல்லாதவள், வேதக்கோயிலுக்குப் போகிற ஞாயிற்றுக்கிழமை தவிர எல்லா நாளும் சும்மாதான் இருக்கிறாள் என்பது ஊரின் எண்ணம்.

பேராச்சிக்குக் கூலி என்று யாரும் கொடுத்ததில்லை. கொடுத்தால் அது முறையாகுமா? வெற்றிலை பாக்கு வைத்து, தேங்காய் வைத்து, ரவிக்கைத் துணி வைத்துக் கொடுத்தார்கள். தகரப்பெட்டி நிறைய ரவிக்கைத் துணி சேர்ந்துபோனது. தையல்கார சுடலைமுத்துவிடம் கொண்டுபோனால் அவன் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "எக்கா, போன தடவை நீங்க கலியாணி மதினியா வந்து நின்னப்ப எடுத்த அளவுல்லா இது? ஒங்க அளவு எது?" என்று கேட்பான். பேராச்சி யோசிப்பாள். யோசித்துவிட்டுத் துணியைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள்.

ரேஷன் கடையில் கைரேகை மிஷின் வந்தபோது இன்னும் கஷ்டம். காலையில் ஒரு வீட்டில் அத்தையாக நின்றுவிட்டு அப்படியே வந்து விரலை வைத்தால் மிஷின் சிவப்பு விளக்கு காட்டும். கடைக்காரர் நல்ல மனுஷன், கோபப்படமாட்டார். "யாராவது அந்தம்மாவை நல்லாக் கூப்பிட்டு வுடுங்கய்யா, கியூ நிக்குதுல்லா" என்பார். ஞானப்பூவுக்கு ஆள் போகும். அவள் சமையல் கரண்டியோடு ஓடிவந்து "ஏ பேராச்சி" என்பாள். பச்சை விளக்கு எரியும். பேராச்சி அரிசி வாங்கிக்கொண்டு போவாள். ஒரே ஒரு தடவை காது குத்தில் தாய்மாமனாகவும் ஆனாள், மீசை வந்தது, அதைப் பற்றி மட்டும் பேச அவளுக்குப் பிடிக்காது.

அவள் வீட்டுக்காரர் சிவனணைந்தான் பம்பாயில் இட்லிக் கடையில் இருந்தார். கல்யாணம் ஆகி இருபது நாளில் ரயிலேறினவர், அப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவை கோயில் கொடைக்கு வருவார், பத்து நாளில் போவார். அவர் போனில் "ஏ பிள்ள" என்று ஆசையாகக் கூப்பிட்டால் போதும், பேராச்சி கன்னம் உப்பி, கண் தாழ்ந்து, பத்தொன்பது வயசுப் புதுப்பெண்ணாகிவிடுவாள். அவருக்குத் தெரிந்த பொண்டாட்டி அந்த இருபது நாள் பொண்டாட்டிதானே. "எம் பொண்டாட்டிக்கு மட்டும் வயசே ஆவலடா" என்று அங்கே கடையில் எல்லோரிடமும் சொல்லிக்கொள்வாராம். ஒரு தடவை இழவு வீட்டில் செத்தவரின் தங்கச்சியாக அழுதுகொண்டிருந்தபோது போன் வந்து, நடுக் கூட்டத்தில் வெட்கப்பட்டுச் சிரித்துக்கொண்டு ஒரு புதுப்பெண் உட்கார்ந்திருக்கும்படி ஆகிவிட்டது. அன்றிலிருந்து போனை ஞானப்பூ வாங்கி வைத்துக்கொண்டாள்.

யார் யாராகவோ ஆகும்போது பேராச்சி எங்கே போனாள் என்று கேட்டால், எங்கேயும் போகவில்லை. உள்ளேயேதான் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தன் வாய் யாருடைய ஊஞ்சலையோ சொல்லி அழுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். யாரோ ஒரு தாய் தன் தலையை மடியில் இழுத்துப் போட்டுத் தடவும்போது, அந்தக் கை தனக்கில்லை என்று தெரிந்தும் சுகமாக இருந்தது. அந்தச் சுகம்தான் அவளுக்கு வினையாகப் போனது. வரமாட்டேன் என்று சொல்ல வாயெடுப்பாள். எதிரே நிற்பவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "ஒரே ஒரு தடவை என்னைய அம்மான்னு சொல்லிட்டுப் போயிரு" என்பாள். இதற்கு எப்படி மாட்டேன் என்று சொல்ல? நீங்கள் சொல்வீர்களா?

ஒரு தடவை துணிந்து நாற்பது நாள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே கிடந்தாள். நாற்பத்தோராம் நாள், கடலுக்குப் போய்த் திரும்பாத ஒரு பையனின் தாய் வெளியூரிலிருந்து வந்து வாசலில் உட்கார்ந்தாள். கூப்பிடக்கூட இல்லை, கதவைப் பார்த்தபடி வெயிலில் உட்கார்ந்திருந்தாள். பேராச்சி ஜன்னல் வழியாகப் பார்த்தாள், போய்த் தண்ணீர் குடித்தாள், மறுபடியும் பார்த்தாள், பஞ்சைப் பிடுங்கிப் போட்டுவிட்டுக் கதவைத் திறந்தாள்.

இதற்கெல்லாம் நடுவில் ரதி ஆறு வயசுக்காரியாக இருந்தபோது ஒன்று நடந்தது. பேராச்சி அன்றைக்கு ஆழ்வார்திருநகரிப் பக்கம் ஒரு வீட்டில் அண்ணியாக இருந்தாள். ரதி பள்ளிக்கூடத்துச் சமையல் கொட்டகைக்குள் பந்தைத் துரத்திக்கொண்டு ஓடி, கஞ்சி வடிக்கிற அண்டாவில் முட்டிக்கொண்டாள். அண்டா சாய்ந்தது. "அம்மா" என்று பிள்ளை வீரிட்ட சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது. பெற்றவள் இருபது மைல் தாண்டி யாருக்கோ வளையல் அடுக்கிக்கொண்டிருந்தாள். ஞானப்பூ பாய்ந்து வலது கையைக் குறுக்கே கொடுத்துப் பிள்ளையைப் பறித்துக்கொண்டாள். பிள்ளைக்கு ஒரு துளி படவில்லை. ஞானப்பூவுக்கு முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் தோல் வழன்று, ஆறி, அண்டா விளிம்பு மாதிரி வளைந்த ஒரு தழும்பு நின்றுபோனது. பேராச்சி சாயங்காலம் வந்து காலில் விழாத குறையாக அழுதாள். "போட்டி, நீ வேணும்னா போன? பிள்ளைக்குச் சோறு போட்டுட்டேன், தூங்குது, தூக்கிட்டுப் போ" என்றாள் ஞானப்பூ.

அப்படியே வருஷம் போயிற்று. ரதிக்குத் தலை பின்னிவிட்டது ஞானப்பூ, பரீட்சைக்கு எழுப்பிவிட்டது ஞானப்பூ, சடங்கான அன்றைக்கு முதலில் ஓடிவந்தது ஞானப்பூ. பேராச்சியும் இருந்தாள், இல்லாமல் இல்லை. சோறு பொங்கினாள், பீடி சுற்றினாள், மகள் "அம்மா, சீப்பு எங்க?" என்றால் எடுத்துக் கொடுத்தாள். அந்த மாதிரிக் கூப்பிடுவதில் ஒன்றும் மாறுகிறதில்லை. மகள் மனசு நிறைந்து கூப்பிடவேண்டிய அவசரம் வந்த நேரத்தில் எல்லாம் பேராச்சி வேறு யாருடைய வீட்டிலோ வேறு யாராகவோ இருந்தாள். அதை அவள் கணக்கில் எடுக்கவே இல்லை. சொல்லிவைத்தது மாதிரி எப்போதும் அப்படித்தான் அமைந்தது.

ரதிக்கு இருபத்திரண்டு வயசில் மாப்பிள்ளை வந்தான். பேர் லிங்கதுரை, நல்ல பையன், மின்சார வாரியத்தில் வேலை. பூ வைத்து உறுதி பேசுகிற அன்றைக்கு அவனைப் பெற்ற சந்தனமாரி, பேராச்சியைத் தனியே கூப்பிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள். "மதினி, எனக்கு ஒரு மக இருந்தா. பொன்செல்வி. பத்தொன்பது வயசுல காய்ச்சல் வந்து போய்ட்டா. தம்பி கலியாணத்துல நாந்தான் மூணாம் முடிச்சுப் போடுவேன்னு சொல்லிக்கிட்டே திரிவா. எனக்கு நகை வேண்டாம், சீர் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். மூணாம் முடிச்சை எம் மக வந்து போடணும்."

மகள் கல்யாணத்தில் மட்டுமாவது மகளுக்குத் தாயாக, தன் முகத்தோடு, மணவறையில் நிற்கவேண்டும் என்று பேராச்சி பதினெட்டு வருஷமாக மனசுக்குள் முடிந்துவைத்திருந்தாள். அதைத் தவிர வேறு ஆசை அவளுக்குக் கிடையாது. சந்தனமாரியின் முகத்தைப் பார்த்தாள். பார்த்திருக்கவே கூடாது.

"சரி மதினி," என்றாள். "முடிச்சுப் போடுத ஒரு நிமிஷம். அதுக்கு முந்தி, பாதபூசை முடியுத வரைக்கும், நான் எம் மகளுக்குத் தாயா நிக்கணும். அதுவரைக்கும் என்னைய யாரும் கூப்பிடக்கூடாது."

ஊர் கூடி அதை ஒப்புக்கொண்டது. நம்ம ஊரைக் குறை சொல்லக்கூடாது, நியாயம் தெரிந்த ஊர். கல்யாணத்தன்று காலையில் மண்டபத்து மைக்கில், "மணமகளின் தாயார் பேராச்சி அம்மாளை, பாதபூசை முடியும் வரை, யாரும் எந்த முறையும் வைத்துக் கூப்பிட வேண்டாம் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்ளப்படுகிறது. பந்தி மாடியில் நடைபெறுகிறது" என்று மூன்று தடவை சொன்னார்கள். பம்பாயிலிருந்து வந்த சிவனணைந்தான் மறதியில் வாய் திறந்துவிடுவோமோ என்று வெற்றிலையை அதக்கிக்கொண்டே திரிந்தார். கோமு, தன் அந்தமான் மகளை நினைத்துக் கண் கலங்கியபோது, பக்கத்தில் இருந்தவர்கள் அவள் வாயில் லட்டைத் திணித்தார்கள். ஞானப்பூ, நான் முன்னால் நின்றால் நன்றாக இருக்காது என்று சொல்லி, சமையல்கட்டுக் கதவோரம் கடைசி நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டாள். இப்படி ஊரின் எல்லா வாயையும் கட்டிவிட்டு, பேராச்சி ஒரே ஒரு வாயை மட்டும் திறந்து வைத்திருந்தாள். அது மகளின் வாய். அதற்கு எதற்குக் கட்டு?

பாதபூசைக்குப் பலகை போட்டார்கள். சிவனணைந்தானும் பேராச்சியும் பித்தளைத் தாம்பாளத்தில் கால் வைத்து நின்றார்கள். ரதி மாலையோடு குனிந்து தகப்பன் காலில் பால் ஊற்றி, தண்ணீர் ஊற்றி, சந்தனம் வைத்து, பூப் போட்டாள். அப்புறம் தாய் காலுக்கு வந்தாள். பால் ஊற்றினாள். வெடித்துப்போன குதிகாலை விரலால் தடவினாள். அவளுக்கு அழுகை முட்டியது. இந்த வீட்டை விட்டுப் போகிறோம், இனிமேல் தலைவலி என்றால் யார் வருவார்கள் என்று எல்லாம் ஒரே சமயத்தில் நெஞ்சில் வந்து அடைக்க, பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வாழ்க்கையில் அதுவரை கூப்பிடாத கூப்பிடலாக, "அம்மா" என்றாள்.

மெட்டி இரண்டும் விரலிலிருந்து நழுவித் தாம்பாளத்தில் விழுந்து டங்கென்றது. ரதி கையில் பிடித்திருந்த பாதம் ஒல்லியாகி, நீளமாகி, மெட்டி போட்டே பழகாத விரல்களாகிவிட்டது. பேராச்சி ஒன்றும் புரியாமல் தன் வலது கையைப் பார்த்தாள். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும், அண்டா விளிம்பு மாதிரி வளைந்து, பதினாறு வருஷமாக மதில் சுவருக்கு மேலே தினம் பார்த்த அந்தத் தழும்பு, மினுமினுத்துக்கொண்டு வந்து நின்றது.

மண்டபம் ஆச்சரியப்படவில்லை. "சரிதான், பிள்ளைய வளத்தது அவதானே" என்று முன்வரிசையில் ஒரு அம்மாள் வாழைப்பழத்தை உரித்துக்கொண்டே சொன்னாள். அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை.

ரதி நிமிர்ந்து பார்த்தாள். எதிரே ஞானப்பூ நின்றாள். கடைசி நாற்காலியிலும் ஞானப்பூ எழுந்து நின்றுகொண்டிருந்தாள். "ஐயோ, நான் ஒன்னையத்தாம்மா கூப்பிட்டேன், ஒன்னையத்தான் நெனச்சேன், சத்தியமா" என்று ரதி அலறினாள். ஞானப்பூ கதவோரம் அடுக்கியிருந்த வாழை இலைகளை மிதித்துக்கொண்டு ஓடிவந்து, "ஏ பேராச்சி! ஏ பேராச்சி!" என்று கத்தினாள். புருவத்து வெட்டும், தெத்துப்பல்லும், கட்டைவிரல் தடிப்பும் திரும்பி வந்தன.

"இரு, இப்பப் பாத்துக்கிட்டே கூப்பிடுதேன்" என்றாள் ரதி. கண் கொட்டாமல் அந்த முகத்தைப் பார்த்தாள். "அம்மா." புருவத்து வெட்டு முதலில் மறைந்தது. ஞானப்பூ மறுபடியும் பேர் சொல்லித் திருப்பினாள். ரதி இந்தத் தடவை, "தெத்துப்பல்லு, தெத்துப்பல்லு, தெத்துப்பல்லு" என்று பாடம் படிப்பது போல முணுமுணுத்துவிட்டு, "அம்மா" என்றாள். ஞானப்பூவின் முகத்தில் அந்தத் தெத்துப்பல் மட்டும் கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் அதுவும் வரிசையில் போய்ச் சேர்ந்துகொண்டது.

மேளக்காரர்கள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்கள். ஐயர் நேரம் ஆகிறது என்று கையைக் காட்டினார். ஞானப்பூ மறுபடியும் கூப்பிட்டுத் திருப்பினாள்.

ரதி தாயின் முழங்காலைக் கட்டிக்கொண்டு, "சின்னப்பிள்ளையில என்னைய எப்படித் தூக்கிவச்சிருப்பே? சொல்லும்மா. எந்த இடுப்புல? அதை நெனச்சுக்கிட்டுக் கூப்பிடுதேன், அப்ப சரியா வரும்" என்று கெஞ்சினாள்.

சொல்லத்தான் பேராச்சி வாயைத் திறந்தாள். எந்த இடுப்பு? எத்தனையோ உடம்பில் எத்தனையோ பிள்ளைகளைத் தூக்கியிருக்கிறாள். உயரமான இடுப்பில், ஒடுங்கின இடுப்பில், கொழுத்த இடுப்பில். ஒவ்வொரு பிள்ளையின் கனமும் ஞாபகம் இருக்கிறது. தன் பிள்ளையைத் தன் உடம்பில் எந்தப் பக்கம் தூக்கினாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. தேடிப் பார்த்தாள். கிடைக்கவில்லை. இப்போது இருக்கிற இந்த முகம்கூடத் தன் முகம்தானா, அல்லது ஞானப்பூ தனக்கென்று நினைத்து வைத்திருக்கிற முகமா என்று அவளுக்கு அப்போதுதான் முதல்முதலாகச் சந்தேகம் வந்தது. வந்த சந்தேகம் அப்புறம் போகவே இல்லை.

"எடது இடுப்புல" என்றாள் ஞானப்பூ, யாரையும் பார்க்காமல். "எடது இடுப்புலதான் தூக்குவா. நான் பாத்திருக்கேன்."

பேராச்சி குனிந்து மகளின் வாயில் கை வைத்தாள். "வேண்டாம் மவளே. கூப்பிடாத. கூப்பிடாம என்னையப் பாத்துக்க. அது போதும்" என்றாள். போதாது. அவளுக்கும் தெரியும் போதாது என்று. ஆனாலும் வேறு என்ன சொல்ல?

ரதி வாயை மூடிக்கொண்டாள். மூடின வாயோடு குங்குமம் வைத்தாள், பூப் போட்டாள், விழுந்து கும்பிட்டாள். சிவனணைந்தான் வெற்றிலையை விழுங்கிவிட்டு அழுதார். மெட்டியை யாரோ எடுத்துக் கழுவிக் கொடுக்க, பேராச்சி தன் விரலில் தானே மாட்டிக்கொண்டாள்.

கெட்டிமேளம் கொட்டியது. லிங்கதுரை முதல் முடிச்சுப் போட்டான், இரண்டாவது போட்டான். சந்தனமாரி, "பொன்செல்வி, வா தாயி" என்றாள். எவ்வளவு நாளாக அந்தப் பேரைச் சத்தமாகச் சொல்லாமல் வைத்திருந்தாளோ, அந்தக் குரலுக்குக் கல்லும் திரும்பிப் பார்க்கும். பேராச்சி பத்தொன்பது வயசாகி, ஒடிசலாகி, கன்னத்தில் குழி விழுந்து, ரதியின் பின்னால் போய் நின்றாள். ஒருநாளும் பீடி நூல் பிடித்திராத மெல்லிசு விரல்களால் மகளின் கூந்தலை விலக்கினாள். "தம்பி, நாந்தான் போடுவேன்னு சொன்னேம்லா" என்று அவள் வாய் சிரித்துக்கொண்டே சொன்னது. உள்ளே உட்கார்ந்திருந்த பேராச்சி, அந்தக் கூந்தலைக் கொஞ்ச நேரம் பிடித்திருக்கவேண்டும் என்று நினைத்தாள். விரல்கள் அவளைக் கேட்கவில்லை. முடிச்சைப் போட்டுவிட்டுப் பூவைத் தட்டிவிட்டு நகர்ந்தன. சந்தனமாரி அவளை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "வந்துட்டியே, சொன்ன மாதிரி வந்துட்டியே" என்று சிரித்து அழுதாள். அந்தச் சந்தோஷத்தில் பொய் இல்லை. பேராச்சியால் அவளைக் கோபிக்கவும் முடியவில்லை.

சாயங்காலம் பெண்ணையும் மாப்பிள்ளையையும் வேனில் ஏற்றினார்கள். ஞானப்பூ கூப்பிட்டுத் திருப்பிய முகத்தோடு பேராச்சி வாசலில் நின்றாள். இந்தத் தடவை மைக்கில் ஒன்றும் சொல்லவில்லை, ஆனாலும் ஒருத்தரும் அவளைக் கூப்பிடவில்லை. ரதி ஜன்னலோரம் உட்கார்ந்து, வலது கையால் தன் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டு, கண்ணை மட்டும் திறந்து தாயைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எல்லாப் பெண்ணும் போகும்போது கதறிக் கூப்பிட்டுக்கொண்டு போகும் அந்த வாசலிலிருந்து, வாயைப் பொத்திக்கொண்டு போன பெண் அவள் ஒருத்திதான்.

ஒரே ஒரு தடவை கூப்பிடட்டும் என்று பேராச்சிக்கு இருந்தது. கூப்பிட்டுவிடக்கூடாதே என்றும் இருந்தது. வேன் கிளம்பியது. வாயைப் பொத்தியபடியே மகளின் முகம் சின்னதாகிக்கொண்டு போனது. முக்குத் திரும்பி, வேன் மறைந்து, பெண்கள் கலைந்து உள்ளே போகத் தொடங்கின பிறகு, முக்குக்கு அந்தப் பக்கத்திலிருந்து, தாங்கமாட்டாமல் கை விலகின ஒரு வாயிலிருந்து, "அம்மா" என்ற சத்தம் வந்தது.

"ஓய்" என்று பேராச்சி பதில் கொடுத்தாள். குரல் யாருடையது என்று கேட்காமல், வலது கையைப் பார்க்காமல் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு, தெரு முக்கைப் பார்த்தபடியே நின்றாள்.